சிரிக்காத படம்

பேசாலை, மன்னார்
4.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மகள் றோஸ்மேரியும் பேத்தி அமலினியும் தேவன் கிருபையால் சுகமாயிருக்க வேண்டும். போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் இதை எழுதி, மருமகள் தர்சனாவைக் கொண்டு படம் பிடித்து அனுப்புகிறேன்.

என் மார்புக் கட்டியை வெட்ட வேண்டும் என்கிறார் டொக்டர். மாட்டேன் என்றுவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் என்னத்துக்கு? ஆண்டவர் கூப்பிட்டால் போகிறேன்.

ஒரு உதவி. என் பெட்டியைச் சுற்றி எல்லோரும் நிற்கிற படத்தில் நீ இல்லாவிட்டால் ஊர் கதைக்கும். அம்மாவின் செத்தவீட்டில் செய்தது போல ஸ்ரூடியோக்காரன் உன்னை ஒட்டட்டும். இம்முறை சிரிக்காத படம் ஒன்றை முன்கூட்டியே அனுப்பிவிடு.

உன் தங்கை
மக்டலின்

பலெர்மோ, இத்தாலி
6.3.2024

மக்டலினுக்கு,

அம்மா செத்தபோது சண்டையால் ஊருக்குப் பாதை பூட்டு. கொழும்பில் நின்று தலையில் அடித்து அழுதேன். நீயோ என் கலியாணப் படத்திலிருந்து என்னை வெட்டி, மாலையும் கழுத்துமாக அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுவித்தாய். பெற்ற தாய் கிடக்க, நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அதைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் வேறு கொடுத்தாய். முப்பத்துநாலு வருசம். மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

போன ஞாயிறு பூசை முடிய அமலினி என்னை ஒரு பழைய மாளிகைக்குக் கூட்டிப்போனாள். ஒரு சுவர் முழுக்கச் சாவைத்தான் ஓவியமாகக் கீறியிருக்கிறார்கள். விலா தெரிகிற குதிரையில் எலும்புக்கூடு ஏறி அம்பு விடுகிறது. ஆயர்மாரும் பட்டுடுத்த பெண்களும் விழுந்து கிடக்கிறார்கள். ஒரு ஓரத்தில் ஏழைகளும் நொண்டிகளும் கை கூப்பி நிற்கிறார்கள்.

"இவையள் என்ன பிள்ளை கேக்கினம்?"

"தங்களையும் கொண்டுபோகச் சொல்லி, அம்மம்மா. ஆனா அவர் திரும்பியும் பாக்கேல்லை."

"எங்கட மக்டலினையும் கீறி வைச்சிருக்கிறாங்களடி!"

காவலுக்கு நின்றவர் "சிஞ்ஞோரா!" என்று அதட்டினார். நானும் திருப்பி முறைத்தேன்.

நீ போய் அந்தக் கூட்டத்தில் நிற்காதே. அந்தக் குதிரைக்காரர் வருகிற நேரம் வரட்டும். நாங்கள் வெத்திலை வைத்து அழைக்கத் தேவையில்லை.

படம் அனுப்ப மாட்டேன். ஆளே வருகிறேன், பதினெட்டாம் திகதி. "முழங்கால் ஏலாமல் என்னெண்டு போவியள்?" என்று றோஸ்மேரி கத்துகிறாள். விமானத்துக்குச் சக்கர நாற்காலி கேட்டாயிற்று. வெட்டச் சொல்லு. இல்லையென்றால் டொக்டரோடு நான் கதைப்பேன். என் வாய் உனக்குத் தெரியும்.

சறோஜா

பேசாலை
9.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாசித்துத் தர்சனா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வீடு எரிந்தபோது மிஞ்சிய உன் படம் அது ஒன்றுதான். ஒட்டாமல் விட்டிருந்தால் மூத்த மகள் வரவில்லை என்று உன்னைத்தானே ஏசியிருப்பார்கள்?

இன்று ஆஸ்பத்திரிக்குப் போய் ஓம் சொல்லிவிட்டேன். இருபத்திரண்டாம் திகதி வெட்டுகிறார்கள்.

இங்கே எல்லோரும் என்னைத் துணிச்சல்காரி என்கிறார்கள். அக்கா, எனக்குச் சாவுக்குப் பயமில்லை. கத்திக்குத்தான் பயம். இதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

மக்டலின்

பலெர்மோ
10.3.2024

தங்கச்சி,

பயமென்றால் பயப்படு. நான் வந்து இறங்கும் மட்டும் பயப்படு. பிறகு அது என் வேலை. மயக்க மருந்து கொடுக்கிற அறை வரைக்கும் உன் கையை விட மாட்டேன். உள்ளே விடமாட்டார்கள் என்றால் வாசலிலேயே கதிரை போட்டு இருப்பேன், எவர் எழுப்பினாலும் எழும்ப மாட்டேன்.

எனக்கு உன்னோடு கோபம் இன்னும் தீரவில்லை. அதற்கு நீ உயிரோடு இருக்க வேண்டும்.

அக்கா