இணைச்சீருக்கு நிற்க வேண்டியவள்

அஸ்தம்பட்டி,
சேலம்.

சபரிநாதனுக்கு,

இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தது போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். போன் செய்தால், ‘அப்பறம் பேசறனுங்க மாமா’ என்று வைத்துவிடுகிறாய். புனேயில் மழை அதிகம் என்று செய்தியில் பார்த்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கல்யாணப் பத்திரிகை கொரியரில் வந்தது. தாய்மாமனுக்குக் கொரியரில் பத்திரிகை அனுப்பிய குடும்பம் நாமக்கல் ஜில்லாவில் வேறு இருக்காது. உன் அப்பாமேல் எனக்குப் பகை உண்டு. உங்கள் புது வீட்டுப் பால்காய்ச்சலில், ‘வாத்தியாரு சீருக்குப் பதிலா பாடம் நடத்துவாருங்க’ என்று சொல்லி, சபையே என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. அது தனி. இது மதுமதியைப் பற்றியது.

பத்திரிகையில் உன் தங்கையின் பெயர் இல்லை. இணைச்சீருக்கு உன் பெரியப்பா மகள் ஜெயப்பிரியாவை நிறுத்தப்போவதாக உன் அம்மா வசந்தாமணி அக்காவே சொன்னாள். கூடப்பிறந்தவள் இல்லாத மாப்பிள்ளைக்குத்தான் பங்காளி வீட்டுப் பெண் பக்கத்தில் நின்று அந்தச் சீர் செய்வாள். உனக்குத் தங்கை இல்லையா? ‘நாலு பேரு கேப்பாங்க சாமி, அவளுக்குத்தான் சங்கட்டம்’ என்று அக்கா அழுதாள். சங்கடம் அவளுக்கா உங்களுக்கா என்று கேட்டேன்.

ஆனால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழிலில் தன் கூட்டாளியாக இருப்பவர் வீட்டுக்கு உன் அப்பா நேரில் போய், வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்திருக்கிறார். மதுமதியைப் பலாத்காரம் செய்தவன் அந்த வீட்டுப் பிள்ளை. ஜாமீனில் இருக்கிறான். புகார் வேண்டாம், பேசி முடித்துக்கொள்ளலாம் என்று உங்கள் வீட்டுக் கூடத்தில் பேச்சு நடந்தபோது நீயும் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். மறுநாள் அவள் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். புகாரை அவளே கொடுத்தாள்.

அவள் எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்டதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். முதலில் பஸ் ஏறவே மாட்டாள். உன் அத்தை சௌந்திரம் பிசியோதெரபி கல்லூரிக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போய், வகுப்பு முடியும்வரை வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ‘ஏனுங்கக்கா, அடுப்பையும் இங்கயே கொண்டாந்துரலாமுங்களே’ என்பாராம் காவலாளி. பிறகு மதுவே, முக்கு வரைக்கும் வந்தால் போதும் என்றாள். பிறகு அதுவும் வேண்டாம் என்றாள்.

அவளாகக் கேட்காமல் எதையும் அவளுக்காக முடிவு செய்யாதீர்கள் என்று மனநல ஆலோசகர் அம்மா எங்களிடம் சொல்லியிருந்தார். என்னைப் போன்றவனுக்கு அது எளிதல்ல. சாட்சி சொல்லும் நாளில் கூட வரட்டுமா என்றேன். ‘வேண்டாங்க மாமா, நீங்க கோவப்பட்டுப் போடுவீங்க. அத்தை வரட்டும்’ என்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட அத்தனைக்கும் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்து, பசிக்கிறது என்று தட்டுவடை செட் வாங்கித் தின்றாள்.

இப்போது கொண்டப்பநாயக்கன்பட்டியில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவருக்குத் தனியாகப் போய்ப் பயிற்சி கொடுக்கிறாள். வலியில் அவர் திட்டுவாராம். ‘திட்டுங்க சாமி, கையத் தூக்கிட்டுத் திட்டுங்க’ என்பாளாம்.

பத்திரிகையை அவளிடம் நாங்கள் மறைக்கவில்லை. முழுக்கப் படித்தாள். என்ன செய்யலாம் என்று சௌந்திரம் கேட்டதற்கு, ‘அண்ணன் வந்து கூப்பிட்டா நிப்பேனுங்க அத்தை. நானாப் போயி நிக்க மாட்டேன். அவங்க வர்ற எடத்துலயும் நிக்க மாட்டேன்’ என்றாள். சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அவள் சாப்பிடாமல் போனதைப் பிறகுதான் பார்த்தோம்.

அதனால் கேட்கிறேன். அந்தக் கூட்டாளி வீட்டு ஆட்கள் மண்டபத்துக்கு வரக்கூடாது என்று உன் அப்பாவிடம் நீ சொல். சொல்லி முடித்த பிறகு இங்கே வந்து அவளைக் கூப்பிடு. அவள் மாட்டேன் என்றாலும் அது அவள் வாயால் சொன்னதாக இருக்கட்டும்.

நீயும் வரப்போகிற பெண்ணும் நன்றாக இருக்க வேண்டும். அதில் எனக்கு வஞ்சகம் இல்லை.

‘இப்படிக்கு, உன் தாய்மாமன்’ என்று எழுதத்தான் பேனாவைக் கொண்டுபோனேன். கை ஓடவில்லை. நீ அவளுக்கு அண்ணனாக வந்து நிற்கும்வரை உனக்கு நான் என்ன முறை என்று எனக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.