செல்லி ஏன் மேடை ஏறமாட்டாள்

புதுவாயல்,
11-2-1973, ஞாயிறு.

என் அருமை மகள் மேரிக்கு அம்மா ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் மூன்று பேரும் சுகம், நீயும் அந்த மதுரை வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இன்லேண்டு இன்றைக்குப் போதாது என்று தெரிந்து உன் தம்பி மோசஸ் நோட்டில் தாள் கிழித்திருக்கிறேன், அவனும் கணக்கு நோட்டுதானே என்று சந்தோஷமாகக் கொடுத்துவிட்டான். கணக்கில் ஒன்பது மார்க்கு வாங்கியிருக்கிறான், எத்தனைக்கு என்று மட்டும் கேட்காதே. அப்பாவுக்கு இருமல் தேவலை, ஆனால் எண்ணூருக்கு ரயிலில் நின்றுகொண்டே போய்வருவதில் கால் வீங்குகிறது. வெந்நீர் வைத்தால் எனக்கு இன்னா, நான் இன்னா கெயவனா என்று அலட்டுவார், நான் அந்தண்டை போனதும் வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பால்வாடியில் பிள்ளைகள் முப்பத்தொன்று ஆகிவிட்டார்கள், பால்மாவு கரைத்துக் கரைத்து என் கையே வெளுத்துப்போச்சு. நீ காலேஜில் சகோதரியர் மன்றத்தின் கிளைத் தலைவி ஆனாய் என்று பொங்கலுக்கு முன்னால் எழுதிய கடிதத்தை அப்பா சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்கிற இடத்தில் ஒரு ஆள் விடாமல் காட்டி, மடிப்பில் கிழிந்து இப்போது நாலு துண்டாக இருக்கிறது. இருந்தாலும் கொடுக்கமாட்டேன் என்கிறார்.

வியாழக்கிழமை வந்த உன் கடிதத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போன வருஷம் விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள், எங்கள் உதவியில் சாப்பிடுகிற பெண்கள் யார் என்று எங்களுக்கு முகம்கூடத் தெரியவில்லையே என்று வருத்தப்பட்டார்கள் என்றும், அதனால் இந்த வருஷம் 24-ஆம் தேதி விழாவில், மன்றத்தின் உதவியில் ஹாஸ்டலில் புதிதாகச் சாப்பிடுகிற நாலு பெண்களும் பெயர் கூப்பிட்டதும் மேடைக்கு வந்து, கை கூப்பி, தான் பெற்ற உதவியைச் சொல்லி நன்றி சொல்லவேண்டும் என்று நீயே ஒரு விதி கொண்டுவந்தாய் என்றும் எழுதியிருந்தாய். மூன்று பேர் சரி என்றார்கள், பழவேற்காட்டுச் செல்லியம்மாள் மட்டும் மாட்டேன் என்றாள், ஏன் என்று கேட்டால் கூட்டத்தில் கம்பம் மாதிரி நின்றாள், இரண்டு தரம் கேட்டும் பதில் இல்லை, ஆகவே ஓட்டெடுத்து அவள் பெயரை மன்றத்திலிருந்து அடித்துவிட்டோம், மார்ச்சு மாதத்திலிருந்து அவளுக்குச் சாப்பாட்டு உதவி கிடையாது, கிளையை நான் ஒழுங்காக நடத்துகிறேன் என்று நீங்கள் பெருமைப்படுவீர்கள் என்று முடித்திருந்தாய். பொய் சொல்வானேன், பெருமைதான் பட்டேன். சோறு போட்ட கைக்கு ஒரு கும்பிடு போட இந்தக் குட்டிக்கு என்ன கேடு என்று என் வாயாலேயே சொன்னேன். மாதர் சங்கத்தில் உன் கடிதத்தைப் படித்துக்கூடக் காட்டினேன்.

நேற்று மத்தியானம் செல்லியின் அப்பா திருமலை வந்தார். போன ஜூன் மாதம் எழும்பூர் ஸ்டேஷனில் மகளை உன் கையில் பிடித்துக் கொடுத்தாரே, அவர்தான். பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி வந்து, அங்கே வேறு பஸ் பிடித்து, ஈரத்துணி சுற்றிய கூடையில் மடவை மீன் கொண்டுவந்திருந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. காப்பி கொடுத்தேன், நின்றுகொண்டே குடித்தார். மகள் எழுதிய கார்டைக் காட்டினார், பரீட்சைக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிடுகிறேன், காரணம் கேட்காதீர்கள் என்று இரண்டே வரி. நீங்க ஒரு வார்த்தை உங்க பொண்ணுக்கு எழுதணும்மா என்றார். எனக்குத்தான் உன் கடிதத்தின் கோபம் இன்னும் ஆறவில்லையே, உங்க பொண்ணு வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா, ரெண்டு வார்த்தை நன்றி சொன்னா இன்னா கொறஞ்சி பூடும் என்று, நீ எழுதின மேடை விஷயத்தையெல்லாம் சொல்லிக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. காப்பி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்.

அவர்கள் குப்பத்தில் ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடவேண்டும் என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள், அதற்குப் பாடு என்று பெயர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் சம்சாரம் பிரசவித்துக் காய்ச்சலில் கிடந்தபோது, வீட்டில் ஒன்றும் இல்லாமல், தன் பாடு இல்லாத நாளில் இவர் வலை போட்டுவிட்டார். பஞ்சாயத்து கூடியது. அம்மன் கோயில் எதிரில் ஊரெல்லாம் வட்டமாக உட்கார்ந்திருக்க, இவரை நடுவில் நிறுத்தி, நான் செஞ்சது தப்பு, ஊரு பொறுத்துக்கணும் என்று கை கூப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஒரு தரம் இல்லை, பெரியவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கும்பிடவேண்டுமாம். எட்டு வயசுச் செல்லி அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடுவுக்குப் போய்விட்டாள், இழுத்தும் வரவில்லை, கடைசிவரை அங்கேயே நின்றாள். எங்க குப்பத்துல குடுத்தவனும் உட்கார்ந்துகினு இருப்பான், வாங்கிக்கினவனும் உட்கார்ந்துகினு இருப்பான், தப்பு செஞ்சவன்தாம்மா எழுந்து நடுவுல நிப்பான், அது அவளுக்கு மனசுல பூந்துக்கிச்சு என்றார். அப்போ நன்றி எப்படித்தான் சொல்வீங்க என்று கேட்டேன். மீனைக் குடுத்துட்டுப் பேசாம போய்க்கினே இருப்போம் என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் மேரி, நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பொண்ணு படிப்பு நிக்கக் கூடாதும்மா, அவளுக்குப் பதிலா நான் வந்து மேடையில நிக்கிறேன், பேரு கூப்ட்டா நான் வந்து கும்பிட்டுட்டுப் போறேன், எனக்கு நிக்கிறது பழக்கந்தான் என்றார். விழாவுக்குச் சட்டை போட்டுக்கினு வரணுமா, துண்டு போதுமா என்றும் கேட்டார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அப்பாதான் அவர் தோளில் கை வைத்து ஏதோ பேசி வெளியே அழைத்துப்போய் பஸ் ஏற்றிவிட்டார்.

கண்ணு, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. எப்படி வரும், இந்தப் பழக்கத்தை உனக்குக் கொடுத்ததே நான்தானே. நம் சபையில் எழுந்து நின்று ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்வதை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய். அறுப்பின் பண்டிகைக்கு நான் எழுந்தால் பாஸ்டர் கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவு நீளம் போகும். உனக்குக் காலேஜில் இடம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் பண்ணச் சொன்னாலே தொண்டை கட்டிக்கொள்கிற உன் அப்பா எழுந்து நின்று, எம் பொண்ணு, எம் பொண்ணு என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் உட்கார்ந்தாரே, சபையே அழுதது. நமக்கு அது சந்தோஷம். எல்லோருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று நீ நினைத்துவிட்டாய், நானும்தான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார், நம் சபையில் யார் கையிலும் பட்டியல் கிடையாது. மனசு நிறைந்தவர்கள் எழுந்திருப்பார்கள், மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சின்னப்பொண்ணு, நீ உதவி வாங்கினாயே, எழுந்திரு என்று பாஸ்டர் ஒரு நாள் கூப்பிட்டிருந்தால் நான் பக்கத்துக் கதவு வழியாக ஓடியிருப்பேன். அதற்கப்புறம் கோயில் பக்கமே வந்திருக்கமாட்டேன்.

நீ மூன்று வருஷமாக அதே மன்றத்துச் சோறுதான் சாப்பிடுகிறாய், உன்னை யாராவது நிற்கவைத்தார்களா. அங்கே சேர்ந்த வருஷம் உனக்குப் பொன்னுக்குவீங்கி வந்தபோது, மன்றத்து வழக்கப்படி புதிதாக வந்த உனக்கு அக்காவாகப் பெயர் எழுதியிருந்த அந்தப் பள்ளிப்பட்டு ஜானகி உன் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்துக் காட்டினாளே, உனக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தாளே. நன்றி சொல்லப் போனால் போதும், டைம் வேஸ்ட் பண்ணாதே, போய்ப் படி என்று விரட்டுகிறாள், அம்மா என்று நீ எழுதியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. செல்லிக்கு அக்காவாக உன் பெயரைத்தானே எழுதினார்கள். தீபாவளி சமயத்தில் நீயே எழுதினாய், அம்மை போட்ட ஒரு பெண்ணின் துணியெல்லாம் செல்லி யாரும் கேட்காமல் துவைத்துப்போட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை என்று. அவள் ஊரில் மீனைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இப்படித்தான் போவார்கள். அவள் நன்றி சொல்லி மூன்று மாசம் ஆகிறது, நமக்குத்தான் காது கேட்கவில்லை.

நானும் பதினோரு வருஷமாக மாதர் சங்கம் நடத்துகிறவள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், எடுத்துக்கொள். விழாவுக்கு முன்னால் கூட்டம் கூட்டு. ஓட்டுப் போட்ட பெண்களைக் குறை சொல்லாதே, அவர்கள் உன் முகத்தைப் பார்த்துத்தான் கை தூக்கியிருப்பார்கள். விதி என்னுடையது, அவசரப்பட்டுவிட்டேன், எடுத்துவிடுகிறேன் என்று நீயே சொல். தலைவி அப்படிச் சொன்னால் மரியாதை போகாதா என்று உனக்குத் தோன்றும், கொஞ்சம் போகும்தான், திரும்பி வரும். விழாவுக்கு வருகிற பெரியவர்களுக்கு நன்றி சொல்லவேண்டியது நியாயம், அதை எல்லோர் சார்பாகவும் நீ ஒருத்தி சொல்லு, தலைவி என்று உன்னை உட்காரவைத்தது அதற்குத்தான். மற்ற மூன்று பெண்களையும் மனசார விருப்பமா என்று தனித்தனியாகக் கேள். எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று, திருமலை சொன்ன கதையைக் கூட்டத்தில் மூச்சுவிடாதே, செல்லியிடமும் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. பாவம் பார்த்து நீ அதைச் சொன்னால், அந்த மனிதரை இன்னொரு தரம் நடுவில் நிறுத்தினதாக ஆகும். செல்லியிடம் போய்ப் பெயரைத் திரும்ப எழுதிவிட்டோம், சாப்பிட வா என்று மட்டும் சொல். அவள் ஒன்றும் பதில் பேசாவிட்டால் அதற்கும் கோபித்துக்கொள்ளாதே.

எங்கள் செல்லமே, நீ நன்றாக இருப்பாய், கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், உன் கையால் நாலு பேர் பசியாறட்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், மோசஸ் பேனா கேட்கிறான், பேனா இருந்தால் கணக்கு வருமாம். வெயிலில் குடை இல்லாமல் போகாதே, ராத்திரி தயிர் சாப்பிடாதே.

ஒன்று மட்டும் மறக்காதே. உன்னிடமிருந்து பதில் வரும் என்று நான் எவ்வளவு சொல்லியும் திருமலை நம்பினாற்போல் தெரியவில்லை, 22-ஆம் தேதி மதுரைக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினாராம். அப்பாவும் தன் வெள்ளைச் சட்டையைக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் உன் கடிதம் எனக்கு வந்துவிட்டால் நானே பழவேற்காட்டுக்குப் போய் அவரை நிறுத்திவிடுவேன். வராவிட்டால் நானும் அவரோடு ரயில் ஏறுவேன். பயமுறுத்த எழுதவில்லை கண்ணு, அவரை அங்கே தனியாக நிற்கவிட என்னால் ஆகாது. என் பிள்ளைக்கும் அந்த மன்றம் மூன்று வருஷம் சோறு போட்டிருக்கிறது, நானும் நிற்கவேண்டியவள்தான். உன் பட்டியலில் திருமலைக்குக் கீழே என் பெயரை எழுதிக்கொள். கூப்பிடும்போது அம்மா என்று கூப்பிடாதே, மற்றவர்களைக் கூப்பிடுகிற மாதிரி பெயர் சொல்லியே கூப்பிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
சின்னப்பொண்ணு யேசுதாஸ்