ஆள் இருக்கிற நாற்காலி

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுறது. ஆண்டவர் தயவுல நானும் உங்கம்மாவும் தினமும் சண்டை போடுற அளவுக்குத் தெம்பா இருக்கோம், நீயும் அங்க யார்கூடயாவது சண்டை போடுற அளவுக்கு நல்லா இருப்பேன்னு நம்புறேன். எழுத்துல தப்பு இருந்தா சிரிக்காதே, பள்ளிக்கூடத்துல பாதி நாள் நான் வெளியதான் நின்னேன்.

என் நுரையீரல்ல ஒரு திட்டு இருக்கு, அறுத்துப் பார்க்கணும்னு டாக்டர் சொன்னதை உங்கம்மா ஃபோன்ல அழுது உன்கிட்ட சொல்லிட்டா. அது இப்ப வேற கதையா ஆயிடுச்சு. ஃபோன்ல சொன்னா கிழவனுக்குக் கழண்டு போச்சுன்னு பாதியில வச்சிருவே, அதான் எழுதுறேன். டாக்டர் அப்படிச் சொன்ன வாரமே நம்ம கட்டடத்து லிஃப்ட்டு யாரும் பட்டன் அழுத்தாமலே மாடி மாடியா நின்னு, கதவைத் திறந்து, யாரோ இறங்கிப் பார்த்துட்டு ஏறுற மாதிரி காத்திருந்து மூடுச்சு. ஆயுசு பூரா லிஃப்ட்டு ரிப்பேர் பார்த்தவன் குடியிருக்கிற இடத்துலயே இப்படியான்னு எனக்கு மானப் பிரச்சினை. மூணாவது மாடியில பட்டன் பெட்டியைப் பிரிச்சேன். ஒயர் எல்லாம் சுத்தமா இருக்கு. அப்ப பின்னாடி திறந்திருந்த வீட்டுக்குள்ள இருந்து, வந்துட்டியாடான்னு ஒரு குரல். கண்ணு தெரியாத அந்தக் கிழவிதான், ஒரே மகன் கட்டட வேலையில சாரத்துல இருந்து விழுந்து செத்ததுல இருந்து யாரைக் கண்டாலும் எரிஞ்சு விழுமே, படியில ஓடினேன்னு உன்னைக்கூட விரட்டுச்சே, அதேதான். நான் சும்மா இருக்கறவனா, வந்துட்டேம்மான்னு சொல்லி வச்சேன். கையைப் பிடிச்சு இழுத்துக் கட்டில்ல உக்கார வச்சு, என் வழுக்கையைத் தடவிப் பார்த்துட்டு, முடியை ஏண்டா இப்படி ஒட்ட வெட்டிக்கிட்டேன்னு திட்டுச்சு.

கிளம்பறப்ப வாய்ப் பழக்கத்துல போயிட்டு வரேம்மான்னேன். அந்த வார்த்தைதான் என்னை மாட்டி விட்டுச்சு. ஊர்ல எல்லாரும் சொல்றதுதான், எவன் நிஜமாத் திரும்பி வரான்? ஆனா மறுநாள் காலையில இருந்தே கிழவி கதவைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருச்சு. அப்புறம் எப்படிப் போகாம இருக்கறது? கஞ்சி ஊட்டினேன், நனைஞ்ச துணியை மாத்தினேன், முதுகு தேய்ச்சு விட்டேன். உன்னைக் குளிப்பாட்டச் சொன்னா ஓடி ஒளிஞ்ச மனுஷனான்னு உங்கம்மா கேட்டா. டாக்டர் படி ஏறாதேன்னாரு, இந்த வயசுல புது அம்மா கேக்குதான்னும் கேட்டா. அடுத்தவனுக்காகத் தன்னையே குடுக்கறதுதான் அன்புன்னு பாஸ்டர் சொல்லலையான்னேன். அப்ப நீங்க குறட்டை விட்டுக்கிட்டில்ல இருந்தீங்கன்னா. குறட்டை விட்டது மூக்குதான், காது முழிச்சுக்கிட்டுதான் இருந்துச்சுன்னேன்.

இனிமேதான் நீ பயப்படாம படிக்கணும். கட்டில் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதுல உக்காரப் போனா, உக்காராதே, ஆள் இருக்குன்னுச்சு. நான் அந்தக் காலி நாற்காலிக்கு சலாம் வச்சு, சார் காபி குடிக்கிறீங்களான்னேன். கிழவி சிரிக்கலை. கிண்டல் பண்ணாதே, அவர் உன்னையேதான் பார்த்துக்கிட்டிருக்காருன்னுச்சு. இன்னொரு நாள் பெருக்கறதுக்காக நாற்காலியை நகர்த்தினேன். நகரலை பாப்பா. ரெண்டு கையாலயும் இழுத்தேன், மேல ஒருத்தர் சாஞ்சு உக்காந்திருந்தா எப்படிக் கனக்குமோ அப்படிக் கனம். நல்ல வெயில் அடிக்குது, கீழ பிள்ளைங்க கத்திக்கிட்டு ஓடுது, எனக்கு மட்டும் உச்சந்தலை சில்லிட்டுப் போச்சு. துடைப்பத்தை அங்கேயே போட்டுட்டு வந்துட்டேன்.

ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முந்தின நாள் மத்தியானம், இன்னிக்குப் போகாதீங்கன்னு உங்கம்மா வழியை மறிச்சா. மீறித்தான் போனேன். கிழவிக்கு மூச்சு இழுக்குது, என் நெஞ்சு எப்படி இழுக்குமோ அதே சத்தம். பக்கத்துல கூப்பிட்டு மெதுவா சொல்லுச்சு. உன் நெஞ்சுல கேட்ட சத்தம் எனக்கு முதல் நாளே கேட்டுச்சுடா, அந்தச் சத்தத்தைத் தேடித்தான் நாற்காலியில இருக்கிற இவர் எந்த மாடின்னு தெரியாம லிஃப்ட்டுல அலைஞ்சாரு, நான்தான் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சேன், பேசிப் பார்த்தாச்சு, யாராவது ஒருத்தர் வந்தாப் போதுமாம்னுச்சு. பெத்த மகனுக்காக உளறுதுன்னு நினைச்சு, சரிம்மா சரிம்மான்னேன். அப்பதான் என் தாடையில ஒரு இடி இடிச்சு, என் மகனைப் பெட்டியில வைக்கறப்ப நானே தடவிப் பார்த்தவடா, நீ கீழ் வீட்டு லிஃப்ட்டுக்காரன்னு கிரீஸ் வாடையிலேயே தெரியும், அதுக்கென்ன, வந்தியேன்னுச்சு. அப்புறம், நான் போறேன், நீ படியிலேயே இறங்குன்னு என்னைத் தள்ளி விட்டுருச்சு.

பாதிப் படியில நிக்கிறேன். மேல லிஃப்ட்டுக் கதவு திறந்துச்சு, மூடுச்சு, என்னைத் தாண்டிக் கீழ போச்சு. திரும்பி ஓடினேன். கிழவி உயிர் போயிடுச்சு. நாற்காலியைத் தொட்டேன், ஒரு விரலுக்கே நகர்ந்துச்சு. சர்ச்சு வாசலை மிதிக்காத மனுஷி, பாஸ்டர் சொன்னதைச் செஞ்சுட்டுப் போச்சு. மறுநாள் ஆஸ்பத்திரியில எடுத்த படத்துல திட்டு இல்லை, டாக்டர் பழைய மிஷினைத் திட்டினாரு, நானும் ஆமா சார்னுட்டேன். குடுக்கறவன் நான்தான்னு மிதப்புல திரிஞ்சேன், கடைசியில வாங்கினவன் நான்.

அதோட விட்டிருந்தாப் பரவாயில்லை. இப்ப அந்தச் சத்தம் எனக்கும் கேக்குது. ரெண்டாவது மாடியில பாட்டைச் சத்தமா வச்சு என்னோட மல்லுக்கு நிக்கிற வேன் டிரைவர் இருக்கான்ல, அவன் நெஞ்சுல கேக்குது. டாக்டர்கிட்ட போடான்னு கெஞ்சினேன், வேலையைப் பாருங்க பெருசுன்னுட்டான். கைக்குழந்தைக்காரன். லிஃப்ட்டு திரும்பத் தானா நிக்க ஆரம்பிச்சிருச்சு. நான் நம்ம வாசக் கதவைத் திறந்து வச்சு, ஒரு நாற்காலியைப் போட்டு, உள்ள வாங்க சார்னு சொல்லிட்டேன். உங்கம்மாகிட்ட காத்துக்காகத் திறந்திருக்குன்னேன்.

அவளை ஏமாத்த முடியுமா? நேத்து நான் கடைக்குப் போயிட்டு வந்தா, அந்த நாற்காலிக்கு எதிர்ல முட்டி போட்டு உக்காந்து குசுகுசுன்னு பேசிக்கிட்டிருக்கா. என்னடின்னா, ஜெபம் பண்றேங்கறா. யாருக்காகன்னு கேட்டா, உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்னு முறைக்கிறா. யார் அவர்கூடப் போறதுன்னு இப்ப எங்களுக்குள்ள சண்டை ஓடுது, அவ தூங்கறப்ப நான் பேசறேன், நான் அசந்தா அவ பேசறா. யார் பேச்சு எடுபடும்னு தெரியலை.

உன் தலைமேல கை வச்சு ஆசீர்வதிக்கிறேன், நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயித்துக்கிழமை மறக்காம ஃபோன் பண்ணு, முதல்ல உங்கம்மாகிட்ட பேசு.

உன்னைத் தோள்ல தூக்கித் திரிஞ்ச
அப்பா