சுண்ணாம்பு கலந்தே தெளியுங்கள்

சேலையூர், செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்கு, உதயா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

நம் உருளைக்கிழங்குக்கு இலைவழி தெளிக்க நீங்கள் கேட்ட துத்தநாக சல்பேட் இந்தப் பார்சலில் இருக்கிறது. சுண்ணாம்புத் தெளிநீர் கலக்காமல் தெளிக்காதீர்கள். எங்கள் ஆலோசனை மையத்துக்குப் போன் செய்த ஒரு விவசாயிக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

நேற்று அவர் மறுபடி கூப்பிட்டார். "தம்பி, நீங்க சொன்னபடிதான் அடிச்சேன். இலையெல்லாம் கருகிக் கெடக்கு."

தப்பு என்னுடையது என்றேன். போனை வைத்துவிட்டார். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. இனி நான் போனில் பேசுவதை எங்கள் மேலாளர் சுபத்ரா மேடமும் கேட்பார், அவ்வளவுதான்.

முதலில் ஒரு வரிசைக்கு மட்டும் தெளியுங்கள். கருகினால் உடனே மையத்துக்குக் கூப்பிடுங்கள்.

தாம்பரத்தில் பார்சல் ஆபீஸ் மூடும் நேரம். கருகாவிட்டாலும் கூப்பிடுங்கள், அப்பா. மேடம் கேட்டால் கேட்கட்டும்.

உதயா