வெறுங்கையோடு வந்த சம்பந்திக்கு

சம்பந்தியம்மா,

கிறிஸ்துமஸுக்கு அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் நீல மூடி டப்பா கையில் அகப்பட்டது. திறந்தேன். எவ்வளவு கழுவியும் போகாத நெத்திலி சம்பல் வாசனை. கூடவே உங்கள் குரலும் வந்துவிட்டது, சண்டைக்குத் தயாராக. தனியாக நின்று சிரித்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாரோட பேசுற?" என்றார். "கூலாய் சம்மந்தியோட" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இந்த டப்பா எங்கள் ஊர் மாசாய்க்கும் உங்கள் ஊர் கூலாய்க்கும் அலைந்த அலைச்சலுக்கு அதற்கே தனியாக ரோடு டாக்ஸ் எடுத்திருக்க வேண்டும். நான் கேசரி வைத்து அனுப்பினால் நீங்கள் சம்பல் வைத்துத் திருப்புவீர்கள். ஒரு முறையாவது வெறும் டப்பா வந்ததுண்டா? யாரிடமும் எதையும் சும்மா வாங்கிக்கொள்ளத் தெரியாத பிறவி நீங்கள்.

நீங்கள் கத்தோலிக்கர், நாங்கள் லுத்தரன் சபை. உங்கள் மகனும் என் மகளும் கல்யாணம் முடித்து, ஒரு வாரம் உங்கள் கோவில், ஒரு வாரம் எங்கள் ஆலயம் என்று அமைதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சண்டை நம் இருவருக்கும்தான். மனிதனுக்கு இரட்சிப்பு கிடைப்பது விசுவாசத்தாலா, அவன் செய்யும் நல்ல காரியங்களாலா? வெங்காயம் உரிக்கும்போதும் நமக்கு அதுதான் பேச்சு.

"கிருபை சம்மந்தி, எல்லாம் கிருபை. நம்ம கையில ஒன்னும் இல்ல. நம்பி வாங்கிக்கிறதுதான்" என்பேன்.

"அருள் வேணாம்னு யாரு சொன்னா லா? ஆனா பசிச்சவனுக்கு என்ன குடுத்தேன்னு சாமி கேப்பாரு இல்ல? அப்போ, நம்பிக்கிட்டே உக்காந்திருந்தேன்னு சொல்வீங்களா?"

சொல்லிவிட்டுக் கையைக் கட்டி, கண்ணை மூடி, என்னைப் போலவே நடித்துக் காட்டுவீர்கள். எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும். பேச்சில் பெரும்பாலும் ஜெயித்தது நான்தான். இப்போது நீங்கள் மறுத்துப் பேச முடியாது என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ஆனால் நான் ஜெயித்து முடிப்பதற்குள் நீங்கள் ஏதோ ஒரு துக்க வீட்டுக்குச் சோறு கட்டி முடித்திருப்பீர்கள். பக்கத்து ஊர் செனாயில் தொழிற்சாலை வேலை செய்யும் வெளிநாட்டுப் பையன்கள் காய்ச்சலில் படுத்தால்கூட உங்கள் ரசம்தான் போகும்.

பிறகு பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. என் மகள் வேலைக்குப் போகும் நாட்களில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து நான் கூலாய்க்கு வருவேன். உங்களைக் குளிப்பாட்டுவேன், தலை வாரிவிடுவேன். "ஐயோ அலமாக், நீங்க எனக்குச் செய்யிறதா? பாவம் சேக்குறேன்" என்று ஒவ்வொரு தடவையும் கூசிப்போவீர்கள்.

ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

"பயமா இருக்கு சம்மந்தி. செஞ்சதெல்லாம் யோசிச்சுப் பாத்தா பெருசா ஒன்னும் இல்ல. இனிமே செய்யவும் கை இல்ல. வெறுங்கையோட போய் அவரு முன்னால எப்படி நிக்கிறது?"

முந்தின நாள்தான் உங்கள் ஃபாதர் வந்து நற்கருணை கொடுத்து, ஆண்டவருடைய இரக்கம் பெரியது, பயப்படாதீர்கள் என்று சொல்லிப் போயிருந்தார். அது உங்கள் மனசுக்குள் இறங்கவில்லை. நானும் இத்தனை வருஷம் வைத்திருந்த வசனங்களைத் தேடினேன். நினைவுக்கு வந்தது நீங்கள் பெண் கேட்டு வந்த நாள்தான்.

அன்று இரண்டு கார்களில் வந்தீர்கள். பழத்தட்டும் பூத்தட்டும் சேலைத்தட்டும் பின்னால் வரும் காரில் இருப்பதாக முன்கார்க்காரர்கள் நினைத்தார்கள். முன்னால் போகும் காரில் இருப்பதாகப் பின்கார்க்காரர்கள் நினைத்தார்கள். தட்டுகள் எல்லாம் கூலாயில் உங்கள் சாப்பாட்டு மேசை மேல் இருந்தன! பட்டுச்சேலை கட்டிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுவிட்டீர்கள். மகன் கெஞ்சியும் அசையவில்லை. "வெறுங்கையோட எப்படி உள்ள வர்றது? போய் எடுத்துட்டு வர்றோம்" என்றீர்கள். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். "தட்டுக்காகவா காலையிலேருந்து வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கோம்? நீங்க வரணும்னுதானே? உள்ள வாங்க."

இதைச் சொல்லிவிட்டு உங்களைக் கேட்டேன். "மாசாய்க்காரி நானே உள்ள விட்டேன். அவரு விடமாட்டாரா?"

உங்கள் கோணிய வாயில் சிரிப்பு வந்தது. கஞ்சி கன்னத்தில் வழிந்தது. அப்பாடா, இந்த முறை முழுசாக ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நீங்கள் விடுவீர்களா?

"சரி சம்மந்தி, உள்ள வந்ததும் நான் என்ன செஞ்சேன்?"

யோசித்தேன். பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக எங்கள் குசினிக்குள் நுழைந்து எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கினீர்கள். மாப்பிள்ளையின் அம்மா! என் பெரிய நாத்தனார் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"உள்ள வர்றதுக்காகக் கலக்கல. உள்ள வந்துட்டேனே, அந்தச் சந்தோஷத்துல. சந்தோஷம் வந்தா கை சும்மா இருக்குமா?"

சொல்லிவிட்டு வாயைத் திறந்தீர்கள். மிச்சக் கஞ்சி முழுவதையும் குடித்தீர்கள். பாவம் சேர்க்கிறேன் என்று அன்று நீங்கள் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. அது துக்க அழுகை இல்லை.

அதன் பிறகு அந்தப் பயம் உங்களிடம் திரும்பி வரவே இல்லை. போகும்போது நன்றாகத் தூங்குகிற மாதிரி இருந்தீர்கள். அங்கே உள்ளே நுழைந்ததும் குசினி எங்கே என்றுதான் முதலில் கேட்டிருப்பீர்கள்.

ஆராதனை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிக்கொண்டிருந்தவள் நான், தெரியுமல்லவா? இப்போதெல்லாம் இருந்து சபைச் சாப்பாட்டை எல்லாருக்கும் பரிமாறி, பாத்திரம் தேய்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாஸ்டர் கிண்டலாக, "என்ன சிஸ்டர், சம்மந்தி உங்களைக் கத்தோலிக்கரா ஆக்கிட்டாங்களா?" என்று கேட்டார்.

கை நிறைய சோப்பு நுரை. நிமிர்ந்து சிரித்தேன்.

"இல்ல பாஸ்டர், ஆண்டவரு என்னையும் உள்ள விட்டுட்டாரு. அதான்."