குழலை நீங்கள் அறுக்கவில்லை, அப்பா

என் அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் காரியம் முடிந்த மறுவாரமே உங்களைக் குற்றவாளி என்று ஒரு தாளில் எழுதினார்கள். செத்தவர்மேல் வழக்கு போடமாட்டார்கள், பெயர் மட்டும்தான் அப்படி நிற்கும் என்று எனக்குச் சமாதானமும் சொன்னார்கள். பெயர் மட்டும்தானாம். பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் அறுபது வருஷம் உழுத மனிதரிடம் அதைத் தவிர வேறென்ன இருக்கும் என்று நினைத்தார்களோ தெரியவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

உரிமம் வைத்திருப்பவர் இறந்துவிட்டால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. வாரிசு அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, வேண்டுமென்றால் தன் பெயருக்கு உரிமம் கேட்டு மனுப் போடலாம். எனக்கு இதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று நீங்கள் வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, உரிமப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன்.

ஏட்டையா அதை வாங்கிப் பார்த்தார். குழலின் வாய்க்கு நாலு விரற்கடை கீழே நீங்கள் கறுப்பு டேப் சுற்றியிருந்தீர்கள். அதைப் பிரித்தார். உள்ளே இரும்பில் ஒரு வெட்டு, ரம்பம் போட்ட தடம். அவர் முகம் மாறிவிட்டது. அளவு நாடாவை எடுத்து அளந்தார். புத்தகத்தில் முப்பது அங்குலம் என்று இருக்கிறது. அவருக்குக் கிடைத்தது இருபத்தேழரை.

"உங்கப்பா ஒரு தடவ குழல அறுத்திருக்காரும்மா. இன்னும் கொறைக்க ரெண்டாந்தடவ ரம்பத்தப் போட்டிருக்காரு. உசுரோட இருந்தா வருசக்கணக்குல உள்ள கெடக்கணும்" என்றார். அப்படியே தாளில் குறிப்பும் எழுதிவிட்டார்.

அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. குழலைக் குறைத்தால் துப்பாக்கியைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு ஊருக்குள் நடக்கலாம். அதனால்தான் அதற்கென்று தனி அனுமதி இல்லாமல் யாரும் குழலில் கை வைக்கக் கூடாது என்கிறது சட்டம், தன்னுடைய துப்பாக்கியாகவே இருந்தாலும். இருபது அங்குலத்துக்குக் கீழே போனால் அதை வேறு இனமாகவே பார்க்கிறது. எல்லாம் சரி. ஆனால் பன்றியை விரட்ட வானத்தைப் பார்த்துச் சுடுகிற உங்களுக்கு எதை மறைக்க வேண்டியிருந்தது?

மூன்றாம் நாள் சித்தப்பா ஒரு தாளை டைப் அடித்துக்கொண்டு வந்தார். சட்டம் தெரியாமல் என் தந்தை குழலை அறுத்துவிட்டார், துப்பாக்கியை அரசே எடுத்துக்கொள்ளட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று அதில் இருந்தது. கீழே என் பெயர்.

"கையெழுத்தப் போட்டுரு தாயி. அண்ணன் இனிமே ஜெயிலுக்கா போகப்போறாரு?"

"போகமாட்டாரு. அதுக்காகச் செய்யாதத செஞ்சதா எழுதவா?"

உங்கள் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் வாசல்படி இறங்கிப் போனது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டு வடக்குக் காட்டுப் பரமன் மாமா வீட்டுக்குப் போனேன். நீங்களும் அவரும் ஒரே கம்பெனித் துப்பாக்கியை ஒன்றாகப் போய் வாங்கினீர்கள் அல்லவா? அவருடைய புத்தகத்திலும் முப்பது அங்குலம்தான். என்னால் தனக்கு வில்லங்கம் வந்துவிடுமோ என்று மாமாவுக்குப் பயம். துப்பாக்கியை அவர் கையிலேயே பிடித்துக்கொண்டார், நான் நாடாவை மட்டும் வைத்தேன். ஏட்டையா அளந்தது போல, வாயிலிருந்து குழல் தடிக்கத் தொடங்கும் இடம் வரை வைத்தால் இருபத்தேழரை. தோட்டா உட்காருகிற அந்தத் தடித்த பகுதியையும் சேர்த்துக் கடைசி வரை வைத்தால் முப்பது.

யாரும் அறுக்காத குழலும் அப்படி அளந்தால் இருபத்தேழரைதான், அப்பா. நான் போட்ட சத்தத்தில் மாமா வீட்டு அத்தை என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார்கள்.

அன்றே மனு எழுதினேன். தப்பாக அளந்திருக்கிறார்கள், ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் காவல்துறை ஆர்மரரை வைத்து என் கண்முன்னால் அளக்க வேண்டும் என்று கேட்டேன். எதற்கம்மா இந்த வம்பு என்று கேட்டவர்கள் அநேகம். ஒரே மனுவை மூன்று முறை எழுதவைத்தார்கள். மூன்று முறையும் எழுதினேன். கடைசியில் மதுரைத் தல்லாகுளத்தில் இருக்கும் போலீஸ் அலுவலகத்துக்கு வரச் சொல்லித் தேதி கொடுத்தார்கள்.

தேதி வந்த செய்தி தெரிந்ததும் சித்தப்பா காட்டுக்கே வந்துவிட்டார். நான் களை எடுத்துக்கொண்டிருந்தேன். வரப்பில் வந்து நின்றார்.

"நாந்தான் ரம்பத்தப் போட்டேன், தாயி" என்றார்.

வண்டியில் கொண்டுபோக நீளம் இடைஞ்சலாக இருக்கிறது, அரையடி குறைத்துத் தா என்று அவர் கேட்டதும் நீங்கள் முடியாது என்றதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் உரம் வாங்கப் போன ஒரு மத்தியானம் அவரே ஆரம்பித்துவிட்டாராம். நீங்கள் திரும்பி வந்து ரம்பத்தைப் பிடுங்கி எறிந்தீர்களாம். ஒரு வார்த்தை திட்டவில்லையாம். வெட்டின் மேல் டேப்பைச் சுற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தீர்களாம்.

அப்பா, எனக்கு அவர்மேல் வந்ததைவிட உங்கள்மேல்தான் கோபம் வந்தது. தம்பியைக் காப்பாற்றினீர்கள், சரி. என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? போலீஸ்காரர் பிரித்துக் காட்டும்போது உங்கள் மகள் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பாள் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

சித்தப்பாவிடம் ஒன்றுதான் சொன்னேன். "நான் ஒங்களக் காட்டிக் குடுக்கமாட்டேன். அப்பா பேர்ல அந்தப் பழியயும் நிக்கவிடமாட்டேன். நீங்களா வந்து சொல்லுங்க." வரப்போடு நடந்து போய்விட்டார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அந்தத் தேதியில் தல்லாகுளத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினால், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எனக்கு முந்தியே நிழற்குடையில் உட்கார்ந்திருக்கிறார்.

அதிகாரியின் அறையில் உங்கள் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார்கள். ஆர்மரர் அதிகம் பேசாத மனிதர். தோட்டா இருக்கிறதா என்று துப்பாக்கியை மடக்கிப் பார்த்துவிட்டு மூடினார். வாய் வழியாக ஒரு நேரான கம்பியை அடி தட்டும்வரை விட்டார். விளிம்போடு அடையாளம் வைத்து, வெளியே எடுத்து அளந்தார். முப்பது. மறுபடியும் அளந்தார். முப்பது. பிறகு வாயைக் காட்டினார். குறி பார்க்கும் மணி கம்பெனி வைத்த இடத்திலேயே இருந்தது. உள்வட்டமும் நுனியில் லேசாகக் குறுகி இருந்தது. அறுத்திருந்தால் இரண்டும் போயிருக்கும் என்றார். ரம்பத் தடம் மேலோடுதான், ஆபத்தில்லை, ஆனால் யாரோ முயன்றிருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

யார் என்று அதிகாரி என்னைக் கேட்டார். காட்டிக் கொடுக்கமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். பின்னாலிருந்து சித்தப்பா எழுந்தார்.

"நாந்தாங்கய்யா. எங்கண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு. நாந்தான் கேக்கல."

அவரிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். இனி என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. எதுவானாலும் நான் கூடவே போகிறேன். உங்களுக்குச் சம்மதம்தானே?

அதிகாரி எழுந்து, உங்கப்பா மேல் தவறில்லை, நீங்கள் போகலாம் என்றார். எல்லோரும் கிளம்பினார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"வாயால சொன்னது பத்தாதுங்கய்யா. அறுத்தாருன்னு எழுதித்தான வச்சிருக்கீங்க? அறுக்கலேன்னும் எழுதிக் குடுங்க."

நாளை வரச் சொன்னார்கள். நாளைக்கும் இதே நாற்காலியில்தான் உட்காருவேன் என்றேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர்கள் திரும்பும்போதும் அங்கேயே இருந்தேன். சாயங்காலம் நகல் கையில் வந்தது. 'குழல் குறைக்கப்படவில்லை. முந்தைய குறிப்பு ரத்து செய்யப்படுகிறது.' பஸ் நிறுத்தத்தில் வைத்துச் சித்தப்பாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு என் பெயருக்கு உரிமம் கேட்டேன். பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி என்று ஒரு எழுத்தர் சிரித்தார். பன்றி ஆம்பளைக் காடா பொம்பளைக் காடா என்று பார்த்து வருவதில்லை என்றேன். மதுரையில் பயிற்சிக்குப் போனேன். முதல் வெடியில் தோள்பட்டை வலித்தது, இரண்டாவதில் பழகிவிட்டது. கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், போலீஸ் என்று எல்லா அறிக்கையும் போய், சென்ற வாரம் உரிமம் வந்தது. கணவர் பெயரா, தகப்பனார் பெயரா என்று கேட்டார்கள். உங்கள் மருமகன் பக்கத்தில்தான் நின்றார். அவர் சிரித்துக்கொண்டே தகப்பனார் பெயர் என்றார்.

நாளைக்கு மேலக்காட்டில் மக்காச்சோளம் ஊன்றுகிறோம். பன்றி வரும். விற்றுவிட்டு டவுனுக்குப் போ என்று சொல்ல ஆட்களும் வருவார்கள். வரட்டும். நான் வானத்தைப் பார்த்து மட்டுமே சுடுவேன், புதுப்பிக்கிற தேதியை ஒரு நாள்கூடத் தவறவிடமாட்டேன், ஒரு சென்ட் நிலத்தையும் விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் மூத்த மகள்,
ஜோதி, த/பெ ரெங்கசாமி