வெளிறிய காதுகள்

அன்புள்ள தோம்,

நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலமா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? ஜப்பானில் குளிர் தொடங்கிவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை. இதைப் போனில் சொன்னால் பக்கத்திலிருக்கும் அம்மா கேட்டுப் பயப்படுவார் என்பதால் எழுதுகிறேன்.

பண்ணையில் பிறந்த பன்றிக்குட்டிகளின் காதுகள் வெளிறிப்போயின. தாய்ப்பாலில் இரும்புச்சத்து போதாது; அதற்குப் போடும் ஊசி மருந்து வரத் தாமதமாகிவிட்டது. நம் வியட்நாமில் குட்டிகள் மண்ணைக் கிளறித் தின்றே தேறிவிடுமே என்று, வெளியிலிருந்து ஒரு கூடை மண்ணை அள்ளிவந்து கொட்டிலில் போட்டுவிட்டேன்.

முதலாளி குரோகி கத்தினார். "வெளி மண்ணு நோயைக் கொண்டுவரும்டா! இன்னொரு தடவை பண்ணினே, ஊருக்கு டிக்கெட் எடுத்துடுவேன்!"

கொட்டிலை முழுக்கக் கழுவினேன். மாலையில் மருந்து வந்தது. குட்டிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டே குரோகி கேட்டார்: "குட்டிக்கு இவ்வளவு பாக்குறியே, மாசமா இருக்குற உன் பொண்டாட்டி இரும்பு மாத்திரை சாப்பிடுறாளா?"

"சாப்பிடுறா சார்" என்று சொல்லிவிட்டேன்.

சாப்பிடுகிறாய்தானே? மாத்திரை போட்டதும் தேநீர் குடிக்காதே. வீடியோவில் பேசும்போது கீழ் இமையை இழுத்துக் காட்டு. உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தீவனம் போடக் கூப்பிடுகிறார்கள். மறந்துவிடாதே, விளக்கருகே வந்து கொஞ்ச நேரம் அப்படியே இரு. இந்தப் போனில் நிறம் தெரிய நேரமாகும்.

துவான்